பெட்ஷீட்டின் மறுமுனை

எங்கள் பிரசவ வார்டின் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. பதின்வயதில் தாயாகும் பெண்களைப் பற்றிய அட்டை. அவர்களுக்கு ரத்தசோகை வரும் வாய்ப்பு அதிகம், குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு அதிகம், படிப்பு பாதியில் நின்றுபோகும் வாய்ப்பு அதிகம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவைக் காட்ட ஒரு கம்பம் வரைந்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். நான் அங்கே நர்ஸ். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். அந்தக் கம்பங்களில் என் அம்மாவும் இருக்கிறாள், நானும் இருக்கிறேன். ரத்தசோகை அவளுடையது, எடைக்குறைவு என்னுடையது. அட்டையில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபம் எங்கள் குடும்பச் சொத்து. வேறு சொத்து கிடையாது.

நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பதினாறு வயது. அப்பா என்று சொல்ல வேண்டிய ஆள் அப்போது பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். விஷயம் வெளியே வந்ததும் அவனைக் காதும் காதும் வைத்த மாதிரி வேறு ஊரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் படிப்பு நிற்கவில்லை. எங்கள் வார்டு அட்டையில் அவனுக்கென்று ஒரு கம்பமும் இல்லை. என் கோபத்துக்கு முதல் காரணம் அதுதான்.

அம்மாவின் வீட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். யாரு, யாரு, யாரு. வீட்டுக்கு வந்துபோன உறவினர்களும் அதையேதான் கேட்டார்கள். பதில் கிடைத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் அன்றைக்குச் சாப்பிட்டாளா என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை அம்மா புகாராகச் சொன்னதே கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், தபால்காரராக இருந்தாலும், அவள் முதலில் கேட்பது "சாப்பிட்டீங்களா" என்பதுதான்.

கையில் குழந்தையோடு அவள் வேலை கேட்டுப் போன இடம், ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுக்கும் ஒரு சலவைக்கூடம். அதன் முதலாளியம்மா கறாரான மனுஷி. சிரிப்பைச் சிக்கனமாகத்தான் செலவு செய்வார். அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தப் பாப்பாவுக்கு ஒரு பாப்பாவா?" என்றாராம். அதோடு நேர்காணல் முடிந்தது. கொதிகலன் அறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைத் தங்கக் கொடுத்தார். குளிர்காலத்தில் அந்த அறை சொர்க்கம், கோடையில் அதற்கு எதிர்ப்பதம். அன்று வைத்த பேர்தான் நிலைத்தது. நாற்பதைத் தாண்டி, இஸ்திரிப் பிரிவுக்கே மேற்பார்வையாளராக ஆன பிறகும் அம்மா அங்கே பாப்பாதான். நான் பாப்பாவோட பாப்பா.

சலவைக்கூடத்தில் துணி தள்ளும் ட்ராலிதான் என் தொட்டில். அடியில் பழைய துண்டுகளை மெத்தை மாதிரி போட்டு என்னைக் கிடத்தி, உருளை இஸ்திரி இயந்திரத்தின் சூடு படாத தூரத்தில் நிறுத்திவைப்பாளாம். ஒரு தடவை வேன் ஓட்டுபவர், துவைத்த துண்டு என்று நினைத்து அந்த ட்ராலியை வண்டியில் ஏற்றப் போய்விட்டார். நான் வீல் என்று கத்தியதால் தப்பித்தேன். இல்லாவிட்டால் ஏதோ ஒரு ஓட்டலில் துண்டோடு துண்டாக மாடியறைக்குப் போயிருப்பேன். அந்த ஓட்டுநர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "நல்லவேளை, உனக்கு அப்பவே வாய் ஜாஸ்தி" என்பார்.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அது வேடிக்கையாக இருந்திருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாது. தலை நிற்காத குழந்தையை எந்தக் கையில் பிடிப்பது, எந்தக் கையால் தண்ணீர் ஊற்றுவது என்று தெரியாமல் முதல் தடவை அழுதிருக்கிறாள். நானும் அழுதிருக்கிறேன். இரண்டு பேரில் யார் முதலில் நிறுத்தினோம் என்று நினைவில்லை என்பாள். என்னைப் பெற்ற பிறகும் அவள் வளர்ந்துகொண்டிருந்தாள். நான் நடக்கத் தொடங்கிய வருஷம் அவளுடைய செருப்பு அவளுக்கே பத்தாமல் போனது. ரத்தம் குறைவாக இருந்ததால் நின்றால் தலை சுற்றும். சுற்றினால் துணி மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாள். பள்ளித் தோழிகள் ஒருநாள் பார்க்க வந்தார்கள். பரீட்சையைப் பற்றியும் புதிதாக வந்த டீச்சரைப் பற்றியும் பேசினார்கள். குழந்தையை எடுத்துக் கொஞ்சினார்கள். பிறகு வரவே இல்லை. அவர்கள்மேல் தப்பில்லை, பேச விஷயம் தீர்ந்துபோச்சு என்று அம்மா சொல்வாள். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது அவள் விட்ட இடத்திலிருந்து படித்துத் தனித்தேர்வு எழுதினாள். ஒரே மேஜையில் நான் வாய்ப்பாடு சொல்வேன், அவள் அல்ஜீப்ரா போடுவாள். அவளுக்கு எட்டாம் வாய்ப்பாடு தடுமாறும். நான் கெக்கெக்கே என்று சிரிப்பேன். அவளுக்கு மூக்கின் மேல் கோபம் வந்து என் பென்சிலைப் பிடுங்கிக்கொள்வாள். பதினாறு வயசு வித்தியாசத்தில் அம்மா இருந்தால் இதுதான் கஷ்டம், சண்டை என்று வந்துவிட்டால் விட்டுக்கொடுக்க வீட்டில் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆனால் சண்டையை முடிக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. அது துணி மடிப்பது.

ஓட்டல் பெட்ஷீட் ஒன்றை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. முதலில் இருவரும் பின்னால் சாய்ந்து இழுத்து ஓர் உதறு உதற வேண்டும். பிறகு நீளவாக்கில் இரண்டாக, மறுபடி இரண்டாக. அதன் பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, ஒருவர் கையிலிருக்கும் முனையை மற்றவரிடம் கொடுத்து, தொங்கும் மடிப்பைக் குனிந்து பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். பேசாமல் மடிக்கலாம். முகத்தைப் பார்க்காமல் மடிக்க முடியாது, ஓரம் கோணிவிடும். அதனால் நாங்கள் உர்ரென்று இருக்கும் நாட்களில் அம்மா ஒரு ஈர வாசனை போகாத பெட்ஷீட்டை என்மேல் வீசுவாள். நான் பள்ளிப் பையைச் சுவரில் இருந்த பழைய இரும்புக் கிளிப்பில் மாட்டிவிட்டு மறுமுனையைப் பிடிப்பேன். நாலைந்து விரிப்புக்குள் யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அம்மாவின் தோள்பட்டை உயரம் வளர்ந்த நாளிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் அதுதான் என் வேலை. நான் பிடிக்காவிட்டால் அம்மாவுக்கு வேலை நடக்காது என்று எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் பிறகு என்னைப் படுத்தியது.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போடப் போன இடத்தில் ஆலோசகர் அம்மா ஒருவர், எங்கள் வார்டில் இருப்பது மாதிரி ஓர் அட்டையை விரித்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். கடைசிக் கம்பத்தின் மேல் விரலை வைத்து, "உன்னை மாதிரி சின்ன வயசுல பெத்தவங்களோட பொண்ணுங்களுக்கும் அதே வயசுல அதே மாதிரி ஆகற வாய்ப்பு ஜாஸ்திம்மா. ஜாக்கிரதையா இரு" என்றாராம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். பதினாறு வயசுப் பெண்ணின் காதில் அது ஜோசியமாக விழுந்தது. 'வாய்ப்பு' என்ற வார்த்தை உதிர்ந்துபோய் மீதி மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கம்பத்தை அம்மா யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, எனக்குப் பதினாறு வருவதற்காகப் பயந்துகொண்டே காத்திருந்தாள்.

எனக்குப் பதினாறு வந்தது. அம்மா ஆளே மாறிப்போனாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்னைக் கவனித்தாள். பஸ் தாமதமானால் வாசலில் நிற்பாள். போனில் சிரித்தால் "யாரு?" என்பாள். அந்தக் கேள்வியை அவள் எவ்வளவு வெறுத்தாள் என்று தெரிந்திருந்தால், அது அவள் வாயிலிருந்து வர எவ்வளவு பயம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்திருக்கும். அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பள்ளி முடியப்போகிற வருஷம், பதினேழு வயதில், எனக்குக் காலையில் வாந்தி வரத் தொடங்கியது. எழுந்ததும் குமட்டும். குளியலறைக்கு ஓடுவேன். சத்தம் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன். சாப்பாட்டைப் பார்த்தாலே பிடிக்காது. அம்மா எதிரே வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வேன், ஏனென்றால் நான் அவளிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் அம்மா துண்டோடு நின்றிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் முகத்தைத் துடைத்துவிட்டு, "செருப்பைப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாம்" என்றாள். அவள் கத்தாதது எங்கள் வீட்டில் இயற்கைக்கு மாறான விஷயம்.

போன இடம் பெண்கள் பிரிவு. நீளமான நடைபாதை, இருபுறமும் பெஞ்சு, பெரிய வயிறோடு பெண்கள். எதற்கு இங்கே என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா கைப்பையிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்தாள்.

"சாப்பிடு."

"பசிக்கலம்மா."

"பசிக்கலன்னாலும் ரெண்டு வாய் சாப்பிடு. இனிமே நீ வெறும் வயித்தோட இருக்கக் கூடாது."

முட்டையை உரித்து என் கையில் வைத்தாள். பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, வெகுநாளாக மனப்பாடம் செய்துவைத்ததை ஒப்பிப்பவள் மாதிரி பேசினாள்.

"நல்லா கேட்டுக்கோ. நான் திட்ட மாட்டேன். அடிக்க மாட்டேன். யாருன்னுகூட கேக்க மாட்டேன், உனக்கா சொல்லணும்னு தோணும்போது சொல்லு. வீட்டை விட்டுப் போகணும்னு மட்டும் நினைக்காத. படிப்பை விடாத. குழந்தைய நான் பாத்துக்கறேன். அந்த ட்ராலி இன்னும் இருக்கு. சக்கரத்துக்கு மட்டும் எண்ணெய் போடணும்."

"எந்தக் குழந்தை?" என்றேன்.

அம்மா என் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் போட்ட கத்தலில் நடைபாதை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அம்மா! உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? என்னைப் போய் அப்படி நினைச்சியா?"

"கத்தாதடி. உடம்புக்கு ஆகாது."

"எந்த உடம்புக்கு? எனக்கு ஒண்ணுமே இல்லம்மா!"

"நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. அதற்குமேல் நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் பரிசோதனைக்குப் போனதே அவளை நம்பவைக்கத்தான்.

டாக்டரம்மா மூக்கு நுனியில் கண்ணாடியோடு காகிதத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வயித்துல குழந்தை இல்லம்மா. இன்னும் கேட்டா காலைச் சாப்பாடுகூட இல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன பயம் உனக்கு? சாப்பாடு தங்காத அளவுக்கு என்ன யோசிக்கற?" என்று கேட்டார்.

இனி மறைத்துப் பயனில்லை. நர்ஸிங் பயிற்சிக்கு நுழைவுத் தேர்வு எழுதப்போவதைச் சொன்னேன். பள்ளியிலிருந்தே விண்ணப்பித்ததைச் சொன்னேன். கல்லூரி தொலைவில் இருக்கிறது, கிடைத்தால் விடுதியில் தங்க வேண்டும். தேர்வு நெருங்க நெருங்கக் காலையில் குடலைப் புரட்டுகிறது. தோற்றுவிடுவேனோ என்ற பயம் பாதி, ஜெயித்துவிடுவேனோ என்ற பயம் பாதி.

அம்மா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "இதைப் போயா மறைச்ச? இதுல மறைக்க என்னடி இருக்கு?"

"நான் போயிட்டா மறுமுனைய யாரும்மா பிடிப்பா?"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அம்மாவுக்குப் புரிந்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்த ஆலோசகர் அம்மா காட்டிய கடைசிக் கம்பத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னாள். நான் அதைக் கேள்விப்பட்டது அந்த அறையில்தான்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்தக் கணக்கு பொய் இல்லம்மா. ஆயிரக்கணக்கான பேரைப் பாத்துப் போட்டது. ஆனா அது யாருக்கு உதவி வேணும்னு எங்களுக்குக் காட்டறதுக்கு. உங்க பொண்ணுக்கு என்ன ஆகும்னு அதுக்குத் தெரியாது. அதை நீங்க இவகிட்டதான் கேக்கணும்" என்றார். இத்தனை வருஷமாகச் சுமந்த மூட்டையை இறக்கிவைக்க ஒருவர் இடம் காட்டினார். அந்த டாக்டரம்மா எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். வாழ்நாளில் அப்படி ஒரு திட்டு நான் வாங்கியதில்லை. வாய் இருக்கிறதல்லவா சொல்வதற்கு, அம்மா என்ன பேயா பிசாசா, குழாயைத் திறந்துவிட்டு எவ்வளவு தண்ணீர் வீணாக்கினாய் என்று பஸ் நிறுத்தம் வரை, பஸ்ஸுக்குள், பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும். உயிர் திரும்பி வந்த சந்தோஷம் அவள் வாயில் திட்டாக வந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் என் நெஞ்சில் ஒரு முள் மிச்சமிருந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே சலவைக்கூடத்துக்குத்தான் கூட்டிப்போனாள். சாப்பாட்டு இடைவேளை, யாரும் இல்லை. ஒரு பெட்ஷீட்டை எடுத்து என்மேல் வீசினாள். பிடித்தேன். இழுத்தோம், உதறினோம், மடித்தோம். முதல் தடவை எதிரெதிரே வந்தபோது நான் கேட்டுவிட்டேன்.

"உனக்கு நடந்த மாதிரி எனக்கு நடந்துடுமோன்னு இவ்வளவு பயப்பட்டியே. அப்ப நான் வந்தது அவ்வளவு பெரிய தப்பாம்மா?"

அம்மா முனையை வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே நின்றாள்.

"பதினாறு வயசுல எனக்கு அது நடந்திருக்கக் கூடாது. அது உண்மை. எந்தப் பொண்ணுக்கும் நடக்கக் கூடாது, ரொம்பக் கஷ்டம். ஆனா நீ வந்திருக்கக் கூடாதுன்னு ஒரு நாள், ஒரு நிமிஷம், நான் நினைச்சதில்ல. அது வேற, நீ வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

மூக்கை உறிஞ்சினேன். "துணியில துடைச்சுடாத, ஓட்டல்துணி" என்றாள்.

"சரி, நான் போயிட்டா எப்படி மடிப்ப?" என்று கேட்டேன்.

அம்மா சுவர்ப்பக்கம் போனாள். நான் இத்தனை வருஷம் பள்ளிப் பையை மாட்டிய இரும்புக் கிளிப், அதிலிருந்து ஒரு விரிப்பின் அகலம் தள்ளி ஏப்ரன்கள் தொங்கிய இன்னொரு கிளிப். ஏப்ரன்களை எடுத்துக் கீழே போட்டாள். ஒரு புது விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு கிளிப்பிலும் கவ்வவிட்டாள். பின்னால் வந்து இழுத்தாள், உதறினாள். கை மாறியது, முனை மாறியது, நான் கண் இமைப்பதற்குள் விரிப்பு கச்சிதமான சதுரமாக அவள் கையில் இருந்தது. என்னோடு மடிக்கும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

"நான் வேலைக்குச் சேந்தப்போ என்கூட ஜோடி சேர யாரும் வரல" என்றாள். "அந்தப் பொண்ணோட நிக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. மறுநாள் முதலாளியம்மா சுவத்துல இந்த ரெண்டையும் அடிச்சுவிட்டுட்டு, 'உனக்கு ஆள் வேணாம், சுவர் போதும்'னாங்க. அப்புறம் அப்படிச் சொன்னவங்களே மனசு மாறி உனக்கு ஸ்வெட்டரெல்லாம் பின்னிக் குடுத்தாங்க. அதுக்குள்ள எனக்குச் சுவர் பழகிடுச்சு."

"அப்ப நான் பிடிச்சதெல்லாம்?"

"நீ பிடிச்சதுல வேலை ரெண்டு மடங்காச்சு. பாதியை நான் மறுபடி மடிச்சேன். முதலாளியம்மாகூட ஏன்னு கேட்டாங்க."

"பின்ன எதுக்கும்மா என்னைப் பிடிக்கவிட்ட?"

அவள் சதுரத்தை அடுக்கின் மேல் வைத்து, ஓரத்தை உள்ளங்கையால் நீவினாள்.

"சுவர் நடந்து வந்து என் முன்னால நின்னு சிரிக்குமாடி?" என்றாள்.

தேர்வில் ஜெயித்தேன், போனேன். என்னைக் கொண்டுபோய் விட்டது அதே வேன் ஓட்டுநர்தான், இந்தத் தடவை தெரிந்தே ஏற்றிக்கொண்டு. இப்போது எங்கள் வார்டுக்கு அந்த வயசுப் பெண் யாராவது வந்தால் அட்டையில் உள்ளதையெல்லாம் நான் கவனமாகப் பார்க்கிறேன், ரத்தம், எடை, அழுத்தம், எதையும் விடுவதில்லை. ஆனால் முதலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். சிலர் அதற்கே அழுதுவிடுகிறார்கள்.

விடுமுறை கிடைத்தால் சலவைக்கூடத்துக்கு ஓடுகிறேன். என்னைப் பார்த்ததும் அம்மா கிளிப்பிலிருந்து விரிப்பைக் கழற்றி, மறுமுனையை என்னிடம் நீட்டுகிறாள். இரண்டு பேரும் இழுத்து உதறுகிறோம், மடிக்கிறோம், எதிரெதிரே நடந்து வருகிறோம். அவள் முகம் கிட்டே வருகிறது. "ஓரம் கோணலா இருக்கு, மறுபடி பிடி" என்கிறாள். மறுபடி பிடிக்கிறேன்.